ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்: திருப்பூரில் வேலை இழந்த ஒரு குடும்பத்துக்கு

கேள்வியின் சுருக்கம் இது. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஏழு ஆண்டுகளாகத் தைத்துவந்த டெய்லருக்கு 2025 அக்டோபரிலிருந்து வேலை இல்லை. "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம்" என்கிறது அலுவலகம். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் யு.கே.ஜி., இருவரும் தனியார் பள்ளியில். லைன் வீட்டு வாடகை, மகளிர் குழுக்கடன் இரண்டு, கையில் நான்கு பவுன். சொந்த ஊர் தேனிப் பக்கம்; ஊரில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. எழுதிக் கொடுக்கலாமா, எதை வைத்து எதைக் கட்டுவது, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அவர் மனைவி கேட்கிறார்.

பனியன் கம்பெனிகளுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்குப் பார்க்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சகோதரி, கையெழுத்துக்குத்தான் அவசரம் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டாம். ஆர்டர் வந்தால் கூப்பிடுவார்கள் என்பது உண்மையானால் ராஜினாமாவுக்கே வேலையில்லை. வேலை கொடுக்க முடியாத காலத்தில் தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டே நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்குத்தான் லே-ஆஃப் என்று பெயர். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஓராண்டு பணி முடித்தவருக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதியைக் கொடுத்தாக வேண்டும். ஓராண்டில் 45 நாள் வரை இதை மறுக்க முடியாது. கூப்பிடப் போவதில்லை என்றால் அது ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாக உண்டு.

ரூபாயில் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். உங்கள் கணவரின் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 14,000 என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் சம்பளம் 14,000. ஏழு ஆண்டுக்கு அரை மாதம் வீதம் 49,000. ஆக 63,000 ரூபாய், "சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்கிறேன்" என்ற ஒரு வரியில் போய்விடும். இதற்கு மேல் இ.எஸ்.ஐ. கழகத்தில் வேலையிழந்தோருக்கென்று ஒரு உதவித்தொகை இருக்கிறது. 2018இல் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற பெயரில் தொடங்கி, அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது. சராசரி நாள் ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை தருகிறார்கள், வாழ்நாளில் ஒருமுறைதான். மேலே சொன்ன சம்பளத்துக்கு இது ஏறத்தாழ 20,000 ரூபாய் வரும். தானாக விலகியவர் என்று பதிவாகிவிட்டால் இதைக் கேட்பதிலும் சிக்கல். திட்டம் இன்று நடப்பில் இருக்கிறதா, சந்தா நாட்கள் போதுமா என்று உங்கள் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. ஐந்து ஆண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அது போகாது. 14,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஏழு ஆண்டால் பெருக்கினால் 56,538 ரூபாய். "எழுதிக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி" என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை. எழுதிக் கொடுத்தால்தான் பி.எஃப். எடுக்க முடியும் என்பதும் அப்படித்தான். வெளியேறிய தேதியை நிறுவனம் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையதளத்தில் பதிந்துகொள்ளலாம்.

திருப்பூரின் நடைமுறை எனக்குத் தெரியும். ஒப்பந்தக்காரரின் கீழ், துணிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் தைத்தவர் பெயர் பதிவேட்டிலேயே இருக்காது. கம்பெனியின் ஆள் இல்லை என்று கை விரித்துவிடுவார்கள். அதனால் அலுவலகத்துக்குப் பேசப் போகும் முன், பி.எஃப். பாஸ்புக்கையும் இ.எஸ்.ஐ. சந்தா விவரத்தையும் பதிவிறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் பெயரில், எந்த மாதத்திலிருந்து சந்தா கட்டப்பட்டது என்பதற்கு அவைதான் சாட்சி. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்கள் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். பேச்சு ஒத்துவராவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., எல்.பி.எஃப். எனப் பனியன் தொழிலாளர் சங்கங்கள் இந்த ஊரில் நெடுங்காலமாக இருக்கின்றன; அவர்களுக்கு இது அன்றாட வேலை. தனியாக ஒருவர் போய்க் கேட்பதற்கும், அதே லைனில் நின்ற பத்துப் பேர் சேர்ந்து போவதற்கும் வித்தியாசம் பெரியது. முழுத்தொகை கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. பேசிப் பாதி வாங்கினாலும் அது மூன்று மாத வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் ஆகும்.

இரண்டாவது, ஊரில் சொல்லாமல் இருப்பது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். உங்கள் கணவர் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பதற்கும், ஊரில் சொல்லாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே என்று நினைக்கிறேன். தன் திறமைக்குறைவால் வேலை போய்விட்டது என்ற எண்ணம் அவருக்குள் இருக்கிறது. நடந்தது வேறு. இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 2025 ஆகஸ்டு 7இல் 25 விழுக்காடு வரி போட்டது. ஆகஸ்டு 27இல் இன்னொரு 25ஐச் சேர்த்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. விலையில் பாதியை வரியாகக் கட்டி ஒரு டி-சர்ட்டை அங்கே இறக்க எந்த வாங்குபவரும் முன்வரமாட்டார். வாஷிங்டனில் எடுத்த முடிவு காங்கயம் சாலையில் ஒரு தையல் லைனை நிறுத்துகிறது. இதில் உங்கள் கணவரின் கைவேலைக்கு என்ன சம்பந்தம்?

இந்த ஊர் இப்படி நிற்பது முதல்முறையும் அல்ல. 2008இன் உலக மந்தத்தில் ஆர்டர்கள் வற்றின. 2011 ஜனவரி 28இல், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே வீச்சில் மூடப்பட்டன. 2016இல் பணமதிப்பிழப்பு, 2020இல் ஊரடங்கு, 2022இல் நூல் விலை. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே வாரத்தில் ஒரே நிலைக்கு வந்தன. ஆனாலும் ஒவ்வொரு வீடும் தனக்கு மட்டும் நேர்ந்த அவமானமாகவே அதை மூடி வைத்தது.

மூடி வைப்பதற்கு விலை உண்டு. 2011இல் சாயப்பட்டறை மூடி வேலை இழந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். பி.எஃப். படிவம் நிரப்ப என்னிடம் வருவார். அந்த வைகாசியில் அவருடைய அக்கா மகளுக்குக் காதுகுத்து. வேலை போனதை அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை. தாய்மாமன் சீர் குறையக் கூடாது. நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 40,000 ரூபாய் வாங்கி மோதிரமும் பட்டும் வைத்துவிட்டு வந்தார். மாதம் 4,000 ரூபாய் வட்டிக்கே போயிற்று. அந்த வட்டியைக் கட்ட, தினமும் திருப்பிக் கட்டும் தண்டல் கடன் வாங்கினார்; தண்டலைக் கட்ட இன்னொரு தண்டல். மறு ஆண்டே அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. கடன் தீர வெகு காலம் ஆயிற்று. வேலை இல்லை என்று தெரிந்திருந்தால் அந்த அக்காவே சீரை வேண்டாம் என்று தடுத்திருப்பார்.

அதனால் இந்த வாரமே மாமனாருக்கும் உங்கள் அப்பாவுக்கும் சொல்லிவிடுங்கள். பணம் கேட்பதற்காக அல்ல. எந்த விசேஷத்துக்கும் இந்த ஆண்டு உங்களிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். பாக்கி விழுந்த பிறகு சொல்வதைவிட, விழும் முன் சொன்னால் கிடைக்கும் தவணை அதிகம்.

கடன். இருக்கும் பணத்தையும் கொடுக்க வேண்டியதையும் ஒரே தாளில் எழுதி, வட்டி எது உயரமோ அதை மேலே வையுங்கள். வழக்கமான தண்டலில் 10,000 என்று எழுதி 8,500ஐக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் கரைந்துகொண்டே போவதால், ஆண்டுக் கணக்கில் இந்த வட்டி 100 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இதுவரை தண்டல் பக்கம் போகவில்லை என்றால் இனியும் போகாதீர்கள். குழுக்கடன் இதைவிட மலிவு, ஆனாலும் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கு மேல். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி குறுங்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. குழுவின் மற்றப் பெண்களிடம் நிலைமையை இப்போதே சொல்லிவையுங்கள். உங்கள் தவணை தவறினால் சுமை அவர்கள் தலையில்தான் ஏறும், அந்த மனஸ்தாபம் கடனைவிட நீண்ட நாள் நிற்கும். வீட்டு வாசலில் வந்து மிரட்டுகிறவர்களுக்கு எதிராக 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டமும், கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமும் இருக்கின்றன.

நான்கு பவுனை விற்க வேண்டாம். நான்கையும் ஒரே நாளில் அடகு வைக்கவும் வேண்டாம். தேவைக்கு ஒன்று ஒன்றாக, வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்று அடகுக்கடையில் சொல்வது ஆண்டுக்கு 24 விழுக்காடு. வங்கியில் பாதிக்கும் கீழே கிடைக்கும்.

பி.எஃப். பணத்தை எடுப்பதா வேண்டாமா என்பதில் நான் பழைய ஆட்களோடு ஒத்துப்போவதில்லை. தொடவே கூடாது என்பார்கள். 2024-25க்கு அது 8.25 விழுக்காடு வட்டி ஈட்டியது. அதை அப்படியே விட்டுவிட்டு 24 விழுக்காட்டுக் கடனைச் சுமப்பது கணக்குக்கு ஒத்துவராது. 2025 அக்டோபரில் பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை இழந்தவர் 75 விழுக்காட்டை உடனே எடுக்கலாம். மீதி 25 விழுக்காடு, ஓராண்டு வேலையில்லாமல் இருந்தால்தான். எடுப்பதை உயர்ந்த வட்டிக் கடனுக்கும் வாடகைக்கும் மட்டும் வையுங்கள். அதை முதலாகப் போட்டுக் கடை வைக்கலாம் என்று வரும் யோசனைகளை மந்தம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். ஊரில் யாரிடமும் பணம் புழங்காத நேரத்தில் புதுக் கடைக்கு வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியக் கணக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். அவருக்கு ஏழு ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் மூன்று ஆண்டு எங்கே சேர்த்தாலும் பத்தாகி, 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடும். பணமாக எடுத்துவிட்டால் அந்த ஏழும் அழிந்துபோகும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. அட்டை செத்துவிடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. உங்கள் கணவர் செப்டம்பர் வரை வேலை பார்த்தவர். ஆகவே 2026 ஜூன் முடியும்வரை குடும்பத்துக்கு அங்கே சிகிச்சை பெற வழி இருக்கிறது. மகனுக்குக் காய்ச்சல் என்றால் தனியார் கிளினிக்கில் 800, 1,000 என்று கொடுக்காமல் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். தள்ளிப்போட்டுவந்த பரிசோதனை ஏதும் இருந்தால் அதற்குள் முடித்துவிடுங்கள்.

ரேஷன் அட்டை தேனி முகவரியில் இருந்தாலும் திருப்பூர்க் கடையில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதுவரை கௌரவம் பார்த்து வாங்காமல் இருந்தால் இந்த மாதமே தொடங்குங்கள்.

அடுத்து நீங்கள் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருந்தது: "அவர் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், பேசினால் கோபப்படுகிறார்." இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகப் பெருமந்தத்தின்போது, ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற ஊரில் நூற்பாலை மூடி, ஊரே வேலை இழந்தது. மரி யகோதா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய சமூக ஆய்வாளர்கள் மூவரும் தம் குழுவோடு 1930களின் தொடக்கத்தில் அங்கே போய், கூடவே இருந்து கவனித்தார்கள். நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. கடிகாரத்தை வைத்துத் தெருவில் நடப்பவர்களை அளந்து பார்த்தால், ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் விரைவாகப் போனார்கள். அன்று என்ன செய்தாய் என்று கேட்டால் ஆண்களால் மூன்று நான்கு செயல்களுக்கு மேல் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கு அடுப்பும் துணியும் பிள்ளைகளும் நாளைப் பிடித்து வைத்திருந்தன. சம்பளத்தோடு சேர்த்து நாளின் கட்டுக்கோப்பையும் வேலை தருகிறது என்று அவர்கள் கண்டார்கள். வீட்டுக்கு வரும் உதவித்தொகை குறையக் குறைய மனமும் அதே வரிசையில் ஒடிந்ததையும் பதிவு செய்தார்கள்.

காலை எட்டரைக்கு ஷிப்டுக்குப் போய், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வந்து, சனிக்கிழமை சம்பளம் வாங்கிய மனிதருக்கு அந்த நாளும் வாரமும் ஒருசேரப் போய்விட்டன. அறிவுரையால் அதை நிரப்ப முடியாது. குறித்த நேரத்தில் செய்தே ஆக வேண்டிய வேலையால் முடியும். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதும் கூட்டி வருவதும், ரேஷன் கடை, மதியச் சமையல் ஆகியவை அவருடைய பொறுப்பாகட்டும். உதவி செய்கிறார் என்று இல்லாமல், அவர் செய்யாவிட்டால் நடக்காது என்ற நிலையில் இருக்கட்டும். அப்போது உங்களுக்கும் வெளியே போக வழி பிறக்கும். மகன் பிறந்த பிறகு வேலையை விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உள்நாட்டு உள்ளாடை கம்பெனிகளில் செக்கிங், கைமடி போன்ற உதவி வேலைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். நீங்கள் முதலில் போவதில் குறை ஒன்றும் இல்லை. கோபம் அடியாக மாறினாலோ, சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பெரியவர் ஒருவரை வரவழையுங்கள். 104 என்ற எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

வேலை தேடுவதில் ஒரே ஒரு நுணுக்கம். மந்தம் எல்லாக் கம்பெனியையும் ஒரே அளவில் அடிப்பதில்லை, வாங்கும் நாட்டைப் பொறுத்துத்தான் அடிக்கிறது. அமெரிக்க ஆர்டரை நம்பிய இடங்கள் அந்த வரியால் முடங்கின. ஐரோப்பாவுக்குத் தைப்பவை ஓடுகின்றன. பிரிட்டனோடு 2025 ஜூலை 24இல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருப்பதால் அந்தப் பக்கம் பார்ப்பவர்களும் உண்டு. உள்நாட்டுச் சந்தை தனி உலகம். ஆகவே கேட்டில் போய் வேலை இருக்கிறதா என்று கேட்கும் முன், எந்த நாட்டு ஆர்டர் ஓடுகிறது என்று உள்ளே இருக்கும் டெய்லர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். ஓவர்லாக் மெஷின் மட்டும் தெரிந்தவர் என்றால், இந்த இடைவெளியில் பேட்லாக் மெஷினும் பழகிக்கொண்டால் இரண்டு மடங்கு இடங்களில் கேட்கலாம். பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் யூனிட்டில் பீஸ் ரேட் குறைவாகவே வரும்; பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்காது. இருந்தாலும் இரண்டு மாதத்துக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம் என்பேன். சந்தாவோடு கூடிய இடம் அதைவிட மாதம் ஆயிரம் குறைவாகக் கொடுத்தாலும், கிடைத்ததும் அதற்கு மாறிவிடுங்கள்.

ஊருக்குத் திரும்புவது? இப்போது வேண்டாம். நடுவில் பள்ளியை நிறுத்தினால் கட்டிய கட்டணமும் போகும், பிள்ளைகளின் ஆண்டும் கெடும். கோடைக்கால ஆர்டர்களுக்குத் திருப்பூரில் தையல் மும்முரமாக நடப்பது குளிர்கால மாதங்களில்தான். அதைப் பார்க்காமல் வீட்டைக் காலி செய்யக் கூடாது. ஏப்ரல் கடைசி வரை கெடு வையுங்கள். அதற்குள் இருவர் சம்பாத்தியமும் சேர்ந்து வாடகையையும் சாப்பாட்டையும் எட்டினால் இங்கேயே இருங்கள். எட்டவில்லை என்றால் மே மாதம் தேனிக்குப் போய்விடுங்கள். ஊரில் இப்போதே சொல்லிவைத்திருந்தால் அப்போது விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

இங்கே இருந்தாலும் அங்கே போனாலும், ஜூனில் மகளை ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இருக்கிறது. நடுவில் சேர்ந்தவர்களுக்கு இவை கிடையாது என்பதால் ஆறாம் வகுப்பு சரியான நேரம். பள்ளிக் கட்டணப் பாக்கி இருந்தால் மாற்றுச் சான்றிதழ் தர இழுத்தடிக்கக்கூடும், மார்ச்சிலேயே பேசிவையுங்கள். வீட்டைக் காலி செய்வதானால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, அட்வான்ஸ் திரும்ப வரும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.